ஒரே சரிவு, ஒரே கன்னு, மூணு விதமான மரம்

2022 பங்குனியில மரம் பாக்க வந்த வியாபாரி அண்ணன் டேப்பை எடுத்துக்கிட்டு கீழ ஓடைக்கரையில இருந்து அளக்க ஆரம்பிச்சாரு. முதல் மரம் 46 இன்ச் சுத்தளவு, அடுத்தது 44, அதுக்கு அடுத்தது 49. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. பாதி மலை ஏறுனதும் 38, 36, 37னு வந்துச்சு. உச்சிக்கு போனப்ப 27, 25, ஒண்ணு 22. அதுக்கு மேல அவரு அளக்கவே இல்ல, டேப்பை சுருட்டி பையில போட்டுட்டு "மேல உள்ளத தனியா பேசிக்குவோம் தம்பி, இது தடிக்கு ஆகாது, வெறகுக்குதான்"னு சொல்லிட்டாரு.

இத்தனைக்கும் எல்லாம் 2004 ஐப்பசியில ஒரே வாரத்துல நட்ட சில்வர் ஓக். ஒரே நர்சரி, ஒரே சைஸ் பாக்கெட், ஒரே ஆளுங்க குழி எடுத்தது. 18 வருஷம் ஒரே மழை ஒரே வெயில்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி இல்லன்னு அன்னிக்குதான் உறைச்சுது. அந்த வருஷம் மரம் வெட்டி முடிக்கிறதுக்குள்ள நான் கத்துக்கிட்டது, அதுக்கு முன்னாடி 18 வருஷத்துல கத்துக்கிட்டத விட அதிகம், அதான் சரிவு நிலத்துல மரம் வைக்க போற எல்லாருக்கும் உதவட்டும்னு எழுதுறேன்.

நிலம் எங்கன்னா கீழ்ப்பழனி மலை, தாண்டிக்குடிக்கு பக்கத்துல, 4 ஏக்கர், கடல் மட்டத்துல இருந்து 1200 மீட்டர் வாக்குல. அப்பா காலத்துல மலைவாழை, அப்பறம் முடிக்கொத்து நோய் வந்து வாழை போனதும் கீழ்ப்பக்கம் காபி வச்சாரு. மேல சும்மா கெடந்த இடம், காபிக்கு நெழலுக்கு வேணும்ங்கற இடம் எல்லாத்துலயும் சில்வர் ஓக் வச்சுட்டோம். சில ஊர்ல இதையே சவுக்குனு சொல்லுவாங்க, கடலோரம் வளர்ற சவுக்கு வேற, இது வேற. இது ஆஸ்திரேலியாவுல கெழக்கு கரையோர காட்டு மரம், வெள்ளைக்காரன் காலத்துல டீ காபி தோட்டத்துக்கு நெழலுக்குனு கொண்டாந்தது, மிளகு ஏத்துறதுக்கும் தோது, முத்துனா பிளைவுட்டுக்கும் பேக்கிங் பெட்டிக்கும் போகும்.

எங்க இடத்தோட வாட்டத்த சொல்லிடறேன், அப்பதான் மத்தது புரியும். மேல முகடு, கீழ ஓடை, ரெண்டுக்கும் நடுவுல ஒரு 200 அடி இறக்கம். நடுவுல மூக்கு மாதிரி ஒரு மேடு முகட்டுல இருந்து கீழ வரைக்கும் இறங்கும், அதுக்கு ஒரு பக்கம் கெழக்கு பாத்த சரிவு, இன்னொரு பக்கம் மேக்கு பாத்த சரிவு. 

வியாபாரி போனதும் நான் மொதல்ல சந்தேகப்பட்டது உரத்தை. மேல வரைக்கும் சாணி எரு சுமந்துட்டு போக ஆள் மறுத்திருப்பாங்களோ, பாதி வழியிலயே கொட்டிட்டாங்களோன்னு எல்லாம் யோசிச்சேன். அது தப்பு. காரணம் தடி இறக்க பாதை சீர் பண்ணப்ப கண்ணு முன்னாடி வந்துச்சு. மண்ண வெட்டுன இடத்துல குறுக்குவெட்டு மாதிரி தெரிஞ்சுது பாருங்க, கீழ ஓடைப்பக்கம் 6 அடி தோண்டியும் கருத்த மண்ணு, நடுவுல நடுவுல உருண்டு வந்த கல்லு, அவ்வளவுதான். நடுச்சரிவுல 3 அடிக்கு மண்ணு, அதுக்கு கீழ சரளை. முகட்டுல ஒண்ணேகால் அடி, அதுக்கப்பறம் கடப்பாரை டங்குனு பாறையில அடிக்குது. நம்ம ஆளுங்க மண்கண்டம்னு சொல்லுவாங்களே அதுதான் மொத்த விஷயமும். ஆயிரக்கணக்கான வருஷமா மழை மேல இருக்கற மண்ண அரிச்சு அரிச்சு கீழ கொண்டாந்து சேத்து வச்சிருக்கு, முகட்டுல கழுவிவிட்ட எலும்பு மாதிரி பாறை மட்டும் நிக்குது.

மண்ணு மட்டும் இல்ல தண்ணியும் அப்படித்தான். மழை பெஞ்சு மேலாப்புல ஓடுற தண்ணிய மட்டும்தான் நாம பாக்குறோம், ஆனா மண்ணுக்குள்ள இறங்குன தண்ணியும் பாறை மேல பட்டு வாட்டத்தோட மெதுவா கீழ நகந்துக்கிட்டே இருக்கும். அதனால முகட்டு மரம் குடிக்காம விட்ட தண்ணிய நடுச்சரிவு குடிக்குது, அது விட்டத ஓடைக்கரை குடிக்குது. கார்த்திகை மழை நின்னு தை மாசி பங்குனின்னு காயுற காலத்துல முகட்டு மரம் இலைய உதுத்துட்டு சும்மா நிக்கும், கீழ உள்ளது பங்குனி வெயில்லயும் துளிர் விடும். வருஷத்துக்கு மூணு மாசம் வளராம நின்னா 18 வருஷத்துல எவ்வளவு போச்சுன்னு பாருங்க.

அதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, மேல நடு கீழன்னு மட்டும் பாத்தா பத்தாது. நடுச்சரிவுலயே குழிஞ்ச மடிப்பு இருக்கும், உப்புன மேடும் இருக்கும். மடிப்புல தண்ணியும் மண்ணும் ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து சேரும், மேட்டுல ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போயிரும். எங்க மூக்கு மேட்டு மேல நின்ன மரம் 33 இன்ச், அதுல இருந்து 40 அடி தள்ளி அதே உயரத்துல மடிப்புல நின்ன மரம் 42. இத நம்பலன்னா கொடைக்கானல் மேல்மலைக்கு போயி பாருங்க, சோலைக்காடு எங்க இருக்கு? மலை மடிப்புலயும் ஓடை ஓரத்துலயும்தான் கூட்டமா இருக்கும், முகட்டுலயும் திறந்த சரிவுலயும் புல்லுதான். அதுக்கு உறைபனி, காத்து, தீ எல்லாம் சேந்த காரணம், ஆனாலும் மரம் எங்க நிக்கணும் புல்லு எங்க நிக்கணும்னு அந்த மலை தெளிவா பிரிச்சு வச்சிருக்கு. நாங்கதான் அத பாத்துக்கிட்டே பஸ்ஸுல போயிட்டு வந்து முகட்டுல தடி மரம் நட்டிருக்கோம்.

இப்ப நான் யாருக்கு சொன்னாலும் மொத வேலையா கடப்பாரை எடுங்கன்னுதான் சொல்றேன். ஐப்பசி மழை பெஞ்சு மண்ணு ஊறி இருக்கறப்ப, மேல இருந்து கீழ வரைக்கும் 50 அடிக்கு ஒரு இடத்துல கடப்பாரைய குத்தி எவ்வளவு இறங்குதுன்னு பாத்து ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. மடிப்புல தனியா, மேட்டுல தனியா. கல்லு தட்டுனா ஒரு அடி தள்ளி இன்னொரு குத்து குத்துங்க, ஒத்த கல்லா பாறையான்னு தெரிஞ்சுரும். ஒரு நாள் வேலை, செலவு ஒண்ணும் இல்ல. 2004ல இந்த ஒரு நாள் வேலைய நான் செஞ்சிருந்தா முகட்டுல 300 கன்னு வச்சிருக்கவே மாட்டேன்.

திசை விஷயத்துக்கு வர்றேன். எங்கயோ படிச்சுட்டு தெக்கு பாத்த சரிவு சூடு, வடக்கு பாத்த சரிவு குளிர்ச்சின்னு நானும் பேசிக்கிட்டு இருந்தேன், அது பூமியோட வடபாதியில உள்ள குளிர் நாட்டுக்கு ரொம்ப சரி. எங்க மலை 10 பாகை வடக்குல இருக்கு, சித்திரை பொறக்குறப்ப சூரியன் தலைக்கு நேர வந்துரும், அங்க இருந்து ஆவணி வரைக்கும் வடக்கு பக்கமா சாஞ்சு போகும், அப்பறம்தான் தெக்கால வரும். அதனால தெக்கு வடக்கு வித்தியாசம் மார்கழி தையிலதான் நல்லா தெரியும், வருஷம் முழுக்க பாத்தா பெருசா இல்ல. எங்களுக்கு பெரிய வித்தியாசம் கெழக்கும் மேக்கும்தான். கெழக்கு சரிவுக்கு காலை வெயில் கெடைக்குது, அந்நேரம் மண்ணுல பனி ஈரம் இருக்கும் காத்தும் குளிர்ச்சியா இருக்கும், மரம் வாடாம வேலை செய்யும். மேக்கு சரிவுக்கு விழறது மதியத்துக்கு மேல வெயில், ஏற்கனவே எல்லாம் காஞ்சு சூடேறி கெடக்கறப்ப மேல இன்னும் காய்ச்சும். அதோட ஆனி ஆடியில மேக்கால இருந்து அடிக்கிற காத்து, எங்க பக்கம் அந்த காத்துல மழை ரொம்ப இருக்காது, மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு வெறும் காத்தா வரும், ஈரத்த உறிஞ்சிட்டு போயிரும். ஐப்பசி கார்த்திகை மழையோ கெழக்கால இருந்து வர்றது, அது கெழக்கு சரிவுலதான் முகத்துல அடிக்கும். ஆக மேக்கு சரிவுக்கு காத்தும் வெயிலும், கெழக்கு சரிவுக்கு மழை. ஒரே உயரத்துல ரெண்டு பக்கமும் அளந்தேன், கெழக்குல 38 வந்த இடத்துல மேக்குல 33 34தான். இது எங்க இடத்துக்கு. வால்பாறை பக்கமோ கூடலூர் பக்கமோ இருக்கறவங்களுக்கு தென்மேற்கு மழைதான் பெரிய மழை, அங்க கணக்கு மாறும், உங்க மழை எந்தப் பக்கமா வருதுன்னு பாத்து நீங்க போட்டுக்கணும்.

உயரத்தால குளிர் மாறுறத பத்தி கேப்பாங்க, 100 மீட்டர் ஏறுனா அரை டிகிரிக்கு கொஞ்சம் மேல கொறையும், எங்க 200 அடிக்கு அது ஒரு விஷயமே இல்ல.

கன அடி கணக்கு போட்டு பாத்தா வலி இன்னும் நல்லா தெரியும். தடிக்காரங்க கணக்கு எப்படின்னா சுத்தளவ நாலால வகுத்து, அத அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கணும். 48 இன்ச் சுத்தளவு 20 அடி தடின்னா, 48ல நாலுல ஒண்ணு 12 இன்ச், அதாவது ஒரு அடி, ஒரு அடிக்கு ஒரு அடி, இன்டு 20, 20 கன அடி. உண்மையான கன அளவு 25க்கு மேல வரும், இந்த கணக்குல 100க்கு 78.5தான் நமக்கு எழுதுவாங்க, பட்டை சீவல் கழிவுன்னு அது காலங்காலமா இருக்கற வழக்கம். இப்ப எங்க கீழ் மரம் 46 இன்ச், தடி 30 அடி தேறுது, அது 27 கன அடிக்கு மேல வருது. முகட்டு மரம் 27 இன்ச், காத்துல அடிபட்டு குட்டையா, அடி பெருத்து நுனி சட்டுனு சிறுத்து போயி 12 அடிதான் தேறும், அது 4 கன அடிகூட இல்ல. நடுத்தடியில அளந்தா ரெண்டுமே இன்னும் கொறையும், நான் ஒரு ஒப்புக்கு சொல்றேன். முகட்டுல ஏழு மரம் சேந்தாதான் கீழ ஒரு மரம். டேப்புல பாக்கறப்ப 46க்கு 27 பாதிக்கு மேல இருக்கேன்னு தோணும், கன அடியா மாத்துனா அது ஏழுல ஒண்ணு.

அளக்குற விதத்துலயும் சரிவுல ஒரு விஷயம் இருக்கு. மரத்த தரையில இருந்து நாலரை அடி உயரத்துல அளக்கணும்னு சொல்றாங்க இல்லையா, சரிவுல எந்தத் தரை? மேல் பக்கம் நின்னு அளந்தா ஒரு அளவு, கீழ் பக்கம் நின்னு அளந்தா தூருக்கு கிட்ட வந்துரும், பெருசா காட்டும். வனத்துறை முறையில மேல் பக்கம் நின்னுதான் அளக்கணும். நான் 10 வருஷமா எழுதி வச்ச நோட்டுல பாதி அளவு மேல நின்னு, பாதி கீழ நின்னு, யாரு கூட வந்தாங்களோ அவங்க நின்ன பக்கம். ஒரு வருஷத்துல 3 இன்ச் வளந்த மாதிரி இருக்கும், அடுத்த வருஷம் வளரவே இல்லாத மாதிரி இருக்கும். அந்த நோட்டால ஒரு பிரயோஜனமும் இல்லாம போச்சு. இப்ப மரத்துல மேல் பக்கத்துல இருந்து நாலரை அடி பாத்து சிவப்பு பெயிண்டுல ஒரு கோடு போட்டுடறோம், வருஷா வருஷம் அந்த கோட்டு மேலதான் டேப்.

அடுத்தது தூர் வளைவு. இது எனக்கு பெரிய நஷ்டம், தெரிஞ்சிருந்தா பாதியாவது தடுத்திருக்கலாம். செங்குத்தா இருந்த நடுச்சரிவுல நெறைய மரம் தூருல கீழ்ப்பக்கமா வளைஞ்சு, அப்பறம் மேல நிமிர்ந்து போயிருக்கும், ஹாக்கி மட்டை மாதிரி. வியாபாரி ஒவ்வொரு மரத்துலயும் தூருல 4 அடிய தள்ளிட்டாரு. 48 இன்ச் மரத்துல 4 அடின்னா 4 கன அடி, 20ல 4 போச்சு, அதுவும் மரத்துலயே பெருத்த பாகம். ஏன் வளையுதுன்னா, கன்னு நட்ட மொத ரெண்டு மூணு வருஷத்துல மேல இருந்து மண்ணு சரிஞ்சு சரிஞ்சு கன்ன கீழ்ப்பக்கமா தள்ளும். மரம் நேரா நிக்கத்தான் பாக்கும், தள்ளுனா நுனிய நிமித்திக்கும், ஆனா ஏற்கனவே சாஞ்ச அடிப்பாகம் அப்படியே முத்திரும். அதோட வெளிச்சம். சரிவுல கீழ்ப்பக்கம் திறந்து கெடக்கும், மேல் பக்கம் அடுத்த வரிசை மரம் மறைக்கும், அதனால கெளை எல்லாம் கீழ்ப்பக்கமா பெருத்து மரத்த அந்தப் பக்கம் இழுக்கும்.

நானே ஒரு லோடு தடிய கீழ ஒரு அறுவை மில்லுக்கு கொண்டு போயி வீட்டுக்குனு பலகை போட்டேன், அங்க மேஸ்திரி அண்ணன் அறுத்த முகத்த காட்டி சொன்னாரு, "பாருங்க தம்பி, நடுப்புள்ளி நடுவுல இருக்கா? ஒரு பக்கமா ஒதுங்கி கெடக்குல்ல, சரிவுல சாஞ்சு நின்ன மரம் இது"னு. வளையம் ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் நெருக்கமா இருந்துச்சு. பொதுவா அகல இலை மரங்க சாஞ்சா மேல் பக்கத்துல ஒரு மாதிரி தனி நாரு வளத்து, கயிறு கட்டி இழுக்கற மாதிரி தன்ன நிமித்திக்கும். பைன் மாதிரி ஊசியிலை மரமா இருந்தா அதுக்கு நேர்மாறு, கீழ் பக்கத்துல முட்டு குடுத்து தள்ளும். எதுவா இருந்தாலும் அந்த பாகத்து கட்டை காயுறப்ப மத்த கட்டை மாதிரி சுருங்காது, அதனால பலகை முறுக்கிக்கும். அகல இலை மரம்னா அறுக்கறப்ப வாள்ல பஞ்சு மாதிரி பிசிறும் வரும். பிளைவுட்டுக்கு தடிய சுத்த விட்டு தோல் உரிக்கற மாதிரி உரிக்கறாங்க இல்லையா, நடுப்புள்ளி ஒதுங்கி இருந்தா வட்டம் சரியா வர்ற வரைக்கும் உரிச்சது எல்லாம் துண்டு துண்டாத்தான் வரும். கேரளாவுல பிளைவுட் மில்லு நெறைய உள்ள பெரும்பாவூர் பக்கம் போற தடிய வாங்குறவங்க முகத்த பாத்துட்டுதான் விலை பேசுறாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.

இத தடுக்கறதுக்கு வழி கன்னு நடுற நாள்லயே இருக்கு. குழி எடுத்த மண்ண மேல் பக்கம் குமிக்கக் கூடாது, நாங்க அப்படித்தான் குமிச்சோம், வேலைக்கு அது சுலபம், மண்வெட்டிய இழுத்து போட்டா போதும். முதல் மழையிலயே அந்த மண்ணு கன்னு மேல வந்து ஒக்காந்துச்சு. குழி மண்ண கீழ் பக்கம் போட்டு பிறை மாதிரி ஒரு சின்ன மேடை கட்டணும், கன்னு மேடை மேல நிக்கணும், மேடை உள்பக்கமா மலையைப் பாத்து லேசா சாஞ்சிருக்கணும், அப்ப தண்ணியும் நிக்கும் மண்ணும் ஓடாது. மேல் பக்கத்துல ரெண்டு கல்லு வச்சா இன்னும் நல்லது. அப்பறம் மொத ரெண்டு வருஷம் கார்த்திகை மழை முடிஞ்சதும் ஒரு தடவ எல்லா கன்னையும் சுத்தி வந்து தூருல ஏறுன மண்ண கையால தள்ளிவிட்டு, சாஞ்சத நிமித்தி கம்பு நட்டு கட்டணும். 4 ஏக்கருக்கு ரெண்டு பேரு நாலு நாள் வேலை. அந்த நாலு நாள் வேலை 18 வருஷம் கழிச்சு மரத்துக்கு 4 அடி தடியா வருது.

களையெடுக்கறதும் அப்படி. 2005ல நாங்க மம்பட்டி போட்டு சரிவு மொத்தத்தையும் செதுக்கி சுத்தமா வச்சோம், பாக்க அழகா இருந்துச்சு, பக்கத்து தோட்டக்காரங்க எல்லாம் பாராட்டுனாங்க. அந்த ஐப்பசியில ஓடை மூணு நாள் செவசெவன்னு ஓடுச்சு. அது எங்க முகட்டு மண்ணு. ஒண்ணேகால் அடி இருந்த இடத்துல அதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்திருக்கும்னு இப்பவும் நெனச்சா வயிறு எரியுது. சரிவுல மம்பட்டி கூடவே கூடாது, கன்ன சுத்தி ரெண்டு அடி மட்டும் கையால புடுங்கிட்டு மத்த புல்லெல்லாம் அருவாளால தலைய அறுத்து அங்கயே போட்டுடணும்.

வரிசை போடறதுல நாங்க ரெண்டு தப்பு பண்ணோம். மேல இருந்து கீழ நேரா வரிசை போட்டோம், அது தண்ணிக்கு நாமளே வாய்க்கால் வெட்டி குடுக்கற மாதிரி. சரிவுக்கு குறுக்கால, ஒரே மட்டத்துல வரிசை போகணும். அதுக்கு பெரிய மிஷின் எல்லாம் வேண்டாம், ஆறடி கம்பு ரெண்டு எடுத்து நுனிய சேத்து கட்டி காலை அகட்டி, நடுவுல குறுக்கு கம்பு ஒண்ணு கட்டி, உச்சியில இருந்து ஒரு கயித்துல கல்லு தொங்க விட்டா போதும். ரெண்டு காலையும் தரையில வச்சு கயிறு குறுக்கு கம்புல எங்க படுதுன்னு ஒரு கோடு போடுங்க, அப்பறம் கால மாத்தி வச்சு இன்னொரு கோடு போடுங்க, ரெண்டு கோட்டுக்கும் நட்ட நடு எதுவோ அதுதான் மட்டம். ஒரு கால அப்படியே வச்சுக்கிட்டு இன்னொரு கால கயிறு நடுக்கோட்டுல படற வரைக்கும் மேல கீழ நகத்தி வச்சு, அங்க ஒரு குச்சி நட்டு, அப்படியே நடந்து போயிட்டே இருக்க வேண்டியதுதான். அரை நாள்ல பழகிரும்.

ரெண்டாவது தப்பு இடைவெளி. 10க்கு 10 அடின்னு கயித்த தரையோட தரையா சரிவுலயே போட்டு அளந்தோம். மரம் நேரா மேல வளருது, சரிவுக்கு செங்குத்தா வளரல, அதனால மரத்துக்கு மரம் இடைவெளிங்கறது மட்டமா புடிச்சு அளக்கற தூரம்தான். 30 டிகிரி சரிவுல தரையோட 10 அடின்னா மட்டமா எட்டே முக்கால் அடிக்கும் கொறவு. ஏக்கருக்கு 435 மரம்னு நெனச்சு 500க்கு மேல வச்சிருக்கோம். எங்க செங்குத்து அதிகமோ, மண்ணு கம்மியோ, அங்க நெருக்கம் அதிகம், நேர் எதிரா பண்ணியிருக்கோம். கயிறோட ஒரு முனைய மரத்துகிட்ட தரையில வச்சு, இன்னொரு முனைய கீழ் ஆள் தூக்கி மட்டமா புடிச்சு, அங்க இருந்து ஒரு கல்லு தொங்க விட்டா அது விழற இடம்தான் அடுத்த குழி. 30 டிகிரியில 10 அடி மட்டமா வேணும்னா தரையில பதினொன்னரை அடி வரும்.

2011ல ஜீப் போக பொக்லைன் விட்டு நடுச்சரிவுல குறுக்கால பாதை போட்டேன். பாதைக்கு மேல் பக்கம் நின்ன மரங்களுக்கு வேரு பாதி அறுந்து போச்சு, கீழ் பக்கம் நின்னதுக்கு வெட்டுன மண்ணு தூருல 2 அடி 3 அடி ஏறிடுச்சு. கீழ் பக்க மரம் நாலஞ்சு வருஷத்துல நுனியில இருந்து காய ஆரம்பிச்சுது, வேருக்கு காத்து இல்ல. மேல் பக்க மரம் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்ளாற வந்து எங்க மலையையும் அடிச்சப்ப அந்த வரிசையில 19 மரம் பாதை மேல விழுந்து கெடந்துச்சு. மொத்த தோட்டத்துலயும் விழுந்தது 31, அதுல 19 நான் வேரறுத்த மரம். மத்ததுல பெரும்பாலானது ஓடைக்கரையில உயரமா ஒல்லியா வளந்து, ஊறிப்போன மண்ணுல புடிப்பு விட்டது. முகட்டுல குட்டையா நின்னதுல ரெண்டு மூணுதான் போச்சு, பொறந்ததுல இருந்து காத்துல ஆடி ஆடி தூர் பெருத்து பாறை இடுக்குல வேர் விட்டு நின்னது அது. பாதை போடறதா இருந்தா கன்னு நடறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, அத எங்க போடறோம்ங்கறதும் முக்கியம். எங்களுக்கு நல்ல தடி எல்லாம் கீழ ஓடைக்கரையில, பாதை நடுவுல, அதனால ஒவ்வொரு தடியையும் மேல் பக்கமா இழுக்க வேண்டியதா போச்சு, இழுப்புக்கூலிய வியாபாரி விலையில கழிச்சுட்டாரு.

வெட்டுறப்ப ரெண்டு விஷயம். மலைப்பகுதியில 1955 மரப்பாதுகாப்பு சட்டம் இருக்கு, பட்டா நிலமா இருந்தாலும் அனுமதி இல்லாம கை வைக்கக் கூடாது, கலெக்டர் தலைமையில இருக்கற கமிட்டிக்கு போகும், அதுக்கு நாள் ஆகும், விலை பேசறதுக்கு முன்னாடியே மனு குடுத்துடுங்க. இன்னொண்ணு, மரத்த கீழ்ப்பக்கமா சாய்க்க விடாதீங்க. ஆளுங்களுக்கு அது சுலபம், மரமும் அந்தப் பக்கம்தான் சாஞ்சிருக்கும், ஆனா கீழ்ப்பக்கம் விழுந்தா விழற தூரம் அதிகம், சில்வர் ஓக் சட்டுனு ஒடியற கட்டை, நடுவுல பொளந்துரும். கயிறு கட்டி சரிவுக்கு குறுக்கால சாய்க்கணும். எங்களுக்கு மொத நாள் விழுந்த 11 மரத்துல 4 பொளந்துச்சு, அதுக்கப்பறம் நானே கூட நின்னு குறுக்கால சாய்க்க வச்சேன்.

மொத்தமா வெட்டாம ரெண்டு தவணையா வெட்டுனேன், ஓடைக்கரையில ஒரு வரிசையும் முகடு மொத்தமும் விட்டுட்டேன். வெட்டுன மரத்தோட வேரு கொஞ்ச வருஷம் மண்ண புடிச்சு நிக்கும், அப்பறம் மக்கிடும், சில்வர் ஓக் தூர் தழையறதும் கம்மி, புதுக்கன்னு வேரு அந்த இடத்த எடுத்துக்கறதுக்குள்ள ஒரு பெரிய மழை வந்தா சரிவு இறங்கிரும். அந்த இடைவெளிய நெனச்சா எனக்கு இன்னமும் ஐப்பசி ராத்திரியில தூக்கம் வராது. அதனால தூரையும் வேரையும் தோண்டி எடுக்கறேன்னு வந்தவங்களுக்கு குடுக்கல, வெறகு காசு போனா போகட்டும்.

2023ல மறுபடி நட்டது, கடப்பாரை குத்தி ஆழம் குறிச்ச நோட்டு பாத்து நட்டது. கடப்பாரை 4 அடிக்கு மேல இறங்குன இடத்துல சந்தன வேம்பும் சில்வர் ஓக்கும், அதுல மிளகு. ரெண்டு அடியில இருந்து நாலு அடி வரைக்கும் சில்வர் ஓக் மட்டும், 12 அடி மட்ட இடைவெளி, மடிப்பு பாத்து கொஞ்சம் நெருக்கம் மேடு பாத்து கொஞ்சம் தள்ளி. ரெண்டு அடிக்கு கீழ தடி மரமே இல்ல, பழைய குட்டை மரங்க காத்து மறைப்பா அப்படியே நிக்கட்டும்னு விட்டு, நடுவுல நாவலும் கடுக்காயும் அங்கங்க, மத்தது புல்லு. பக்கத்து தோட்டத்து அண்ணன் மலைவேம்பு வைக்க போறேன் சமவெளியில 7 வருஷத்துல வெட்டுறாங்கன்னு வந்து கேட்டாரு, மலைவேம்புக்கு ஆழமான வடிகால் உள்ள மண்ணு வேணும், உங்க முகட்டுல வேண்டாம்ணேன்னு சொல்லி அவருக்கும் கடப்பாரை குத்தி காட்டுனேன், அவரு ஓடைப்பக்கம் மட்டும் வச்சிருக்காரு. காட்டு மாடு நடக்கற தடத்துல மட்டும் எதுவுமே வைக்கல, முகட்டோட ஓரமா அதுங்க வழி ஒண்ணு காலங்காலமா இருக்கு, 2004ல அங்க வச்ச கன்னு ஒண்ணுகூட மிஞ்சல.

போன கார்த்திகை மழை முடிஞ்சு நானும் என் பொண்ணும் மூணு நாள் எல்லா கன்னையும் சுத்தி வந்தோம், தூருல ஏறுன மண்ண தள்ளிவிட்டு, சாஞ்சிருந்த 60 சொச்சம் கன்னுக்கு கம்பு நட்டோம். நாலரை அடி தாண்டுன கன்னுக்கெல்லாம் சிவப்பு கோடு போட்டாச்சு, அவ பிரஷ் புடிச்சா, நான் மேல் பக்கம் நின்னு டேப்ப புடிச்சேன்.